2019 ஜூலை: ஒரு ரன் அவுட் பற்றி

அன்பான ஊரவர்களுக்கு,

குளக்கட்டோரத்து மைதானத்தின் படத்தைத் தம்பி ஒருவர் போன கிழமை அனுப்பியிருந்தார். நடுவில் புல் மண்டிவிட்டதே என்று பலரும் கவலைப்பட்டீர்கள். எனக்குப் புல் கண்ணில் படவில்லை. இடது ஓரத்து ஒற்றைப் பனைதான் பட்டது. 2019 ஜூலை 13, சனிக்கிழமை பின்னேரம், அந்தப் பனைக்கு நேரே லெக் பக்கத்து நடுவராக, அடிப்பவர் பக்கத்துக் கோட்டைப் பார்க்கிறவராக நின்றவன் நான்.

விடுமுறையில் போயிருந்தேன். கிழக்குத் தெருவுக்கும் மேற்குத் தெருவுக்கும் மென்பந்து இறுதியாட்டம். "மாமா வெளிநாட்டுக்காரர், பக்கம் சாயமாட்டார்" என்று தொப்பியைத் தலையில் வைத்துவிட்டார்கள். நான் பிறந்தது கிழக்குத் தெருவில் என்பது அப்போது ஒருவருக்கும் நினைவில்லை. பிறகு எல்லாருக்கும் வந்தது.

சோளகம், அந்தத் தென்மேற்குக் காற்று, அள்ளி வீசிய நாள். சுண்ணாம்புக் கோட்டைக் காற்று இரண்டு தடவை அழித்தது. கணக்கு எழுதிய எட்டாம் வகுப்புப் பையன், சீ.ஆர். கொப்பியின் (தடித்த அட்டைக் கொப்பி) தாள் பறக்காமல் இரு பக்கமும் செங்கல் வைத்திருந்தான்; ஒவ்வொரு பந்துக்கும் ஒரு கல்லைத் தூக்கி எழுதிவிட்டுத் திரும்ப வைப்பான்.

கடைசிப் பந்து. கிழக்குக்கு இரண்டு ஓட்டம் வேண்டும். அடித்தவன் என் மருமகன். ஒன்றை முடித்து இரண்டாவதற்குத் திரும்பினான். எறிந்த பந்து என்னைத் தாண்டி வரும்போதே முகத்தில் ஒரு பிடி புழுதி. கண்ணைத் திறந்தபோது தடி சாய்ந்து கிடந்தது, மருமகன் கோட்டுக்குள் நின்றான். அவுட் என்று நான் கையைத் தூக்கவில்லை. கிழக்கு வென்றது.

மறுநாள் லண்டன் லோட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்துக்கும் நியூசிலாந்துக்கும் கிரிக்கெட் உலகக் கிண்ண இறுதியாட்டம். நம்மூர் நேரம் மூன்று மணி கடந்து தொடங்கி நள்ளிரவு வரை இழுத்தது. குஞ்சியப்பு விறாந்தையில் தொலைக்காட்சியை வைத்தார். மேற்குத் தெருப் பையன்களும் வந்தார்கள். என்னோடு மட்டும் பேசவில்லை. முற்றம் முழுக்க நியூசிலாந்து பக்கம். இடையில் லண்டனிலிருந்து மகள் விம்பிள்டன் டென்னிஸ் இறுதியாட்டச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தாள். ஐந்தாவது செட்டில் 8-7, பெடரருக்கு இன்னும் ஒரு புள்ளி போதும் என்றாள். அதற்குப் பிறகு நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. 4 மணி 57 நிமிட ஆட்டத்தை ஜோகோவிச் கொண்டுபோனதைப் பிறகுதான் அறிந்தோம்.

லோட்ஸில் கடைசி ஓவர். இங்கிலாந்துக்கு மூன்று பந்தில் ஒன்பது ஓட்டம் வேண்டும். நியூசிலாந்தின் கப்டில் எறிந்த பந்து, இரண்டாவது ஓட்டத்துக்குப் பாய்ந்து விழுந்த இங்கிலாந்தின் ஸ்டோக்ஸின் மட்டையில் பட்டு எல்லைக்கு ஓடியது. நம் இலங்கை நடுவர் குமார் தர்மசேன ஆறு ஓட்டம் என்றார். முற்றத்தில் அதைப் பிழை என்று சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. இரு அணியும் 241. சமநிலையை உடைக்க ஆளுக்கொரு ஓவராக ஆடிய சூப்பர் ஓவரிலும் 15, 15. அதிக பவுண்டரி அடித்த அணிக்கே வெற்றி என்ற விதிப்படி, 26க்கு 17 என்று இங்கிலாந்து கிண்ணத்தைத் தூக்கியது. "சமமென்றால் பாதியாக வெட்டிக் கொடுக்கவேண்டியதுதானே" என்று குஞ்சியப்பு கத்தினார். ஒக்டோபரில் சர்வதேசக் கிரிக்கெட் பேரவை (ஐ.சி.சி.) அந்த விதியைக் கைவிட்டபோது அதைத் தன் வெற்றியாகவே எடுத்துக்கொண்டார்.

இறுதியாட்டம் முடிந்து ஒரு கிழமை கழித்து, தொலைக்காட்சியில் திரும்பப் பார்த்தபோது தன் தீர்ப்புப் பிழை என்று தெரிகிறது எனத் தர்மசேன சொன்னார். பந்தை எறிந்த கணத்தில் துடுப்பாட்ட வீரர்கள் இருவரும் இரண்டாவது ஓட்டத்தில் ஒருவரையொருவர் கடந்திருக்கவில்லை; ஆகவே அந்த ஓட்டம் சேராது. ஐந்து ஓட்டம்தான் சரி. மைதானத்தில் நிற்கும்போது திரும்பப் பார்க்கும் வசதி தனக்கு இருக்கவில்லை என்றும் சொன்னார். அதுவும் உண்மைதான். லோட்ஸில் சோளகப் புழுதி இல்லை என்பது வேறு.

அன்றே மேற்குத் தெருப் பந்துவீச்சாளனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி: "மாமா, அவர் ஒத்துக்கொண்டுவிட்டார். நீங்கள் எப்போது?"

புழுதியைப் பற்றி நீளமாகப் பதில் எழுதினேன். எழுதாமல் விட்டது ஒன்று: ஆட்டம் முடிந்த அன்றிரவே, கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்த மருமகன், "ஒரு முழம் வெளியே நின்றேன் மாமா" என்று சிரித்தான்.

ஆகவே, மேற்குத் தெருக்காரர்களே, அவன் அவுட். ஆட்டம் சமநிலை. கொப்பி கழக அலுமாரியில்தான் கிடக்கிறது, ஊருக்குப் போகிறவர்கள் யாராவது திருத்திவிடுங்கள். பவுண்டரிகளை மட்டும் எண்ணவேண்டாம், உங்களுக்குத்தான் அதிகம்.