மறு: டைம்ஸ்டாம்ப் வகைகளுக்குத் தமிழில் என்ன பெயர்?

வணக்கம் நண்பர்களே,

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் ஆவணத்தில் தேதி-நேரப் பகுதியைத் தமிழாக்கும்போது ஓரிடத்தில் நின்றுவிட்டேன். 'டைம்ஸ்டாம்ப் வித் டைம்ஸோன்' என்ற தரவு வகைக்கு நம் கலைச்சொல் பட்டியலில் 'நேர மண்டலத்துடன் கூடிய நேரமுத்திரை' என்று இருக்கிறது. சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் அந்த வகையில் நேர மண்டலம் சேமிக்கப்படுவதே இல்லையே! கொடுத்த நேரத்தை யூடிசிக்கு (உலகப் பொது நேரத்துக்கு) மாற்றி எட்டு பைட்டில் வைத்துக்கொள்கிறது. எந்த மண்டலத்திலிருந்து வந்தது என்பது அதோடு போயிற்று. திரும்பக் கேட்கும்போது, கேட்பவரின் அமர்வில் (தரவுத்தளத்தோடான அவரது இணைப்பில்) உள்ள மண்டலத்துக்கு ஏற்ப மாற்றித் தருகிறது. சென்னையில் காலை 10 மணிக்கு எழுதியது சிங்கப்பூர் அமர்வில் 12:30 என்று தெரியும். மண்டலம் இல்லாத வகையோ ('டைம்ஸ்டாம்ப் வித்தவுட் டைம்ஸோன்') எழுதியதை அப்படியே எல்லாருக்கும் காட்டும்.

ஆங்கிலப் பெயரே குழப்பம். அதை நாமும் ஏன் சுமக்க வேண்டும்? முதலாவதைக் 'கணமுத்திரை' என்றும் இரண்டாவதைக் 'கடிகார நேரம்' என்றும் சொல்லலாமா? முதலாவது உலகத்துக்கே பொதுவான ஒரு கணம். இரண்டாவது, எந்த ஊர்ச் சுவரில் மாட்டியது என்று தெரியாத கடிகாரம்.

----

> முதலாவதைக் 'கணமுத்திரை'

கணமுத்திரை எனக்குப் பிடித்திருக்கிறது. மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்தின் டைம்ஸ்டாம்பும் யூடிசிக்கு மாற்றித்தான் வைக்கிறது, அதன் டேட்டைம் வகை மாற்றுவதில்லை. அங்கேயும் இந்த இரண்டு சொற்களும் பொருந்தும். ஆனால் ஆரக்கிள் தரவுத்தளத்தில் 'டைம்ஸ்டாம்ப் வித் டைம்ஸோன்' என்ற இதே பெயருள்ள வகை மண்டலத்தையும் உண்மையிலேயே சேமிக்கிறது. ஆகவே பழைய பெயரைப் பட்டியலிலிருந்து தூக்க வேண்டாம், ஆரக்கிளுக்கு விட்டுவிடுவோம்.

எனக்கு இதைவிடப் பெரிய சிக்கல் 'ஆஃப்செட்', அதாவது ஓரிடத்தின் நேரம் யூடிசியிலிருந்து எவ்வளவு முன்பின் என்பது. பட்டியலில் அதற்கும் நேர மண்டலம் என்றே போட்டிருக்கிறீர்கள். இலங்கைக்காரர்களுக்கு இது ஒத்துவராது. 1996 மே மாதம் வரை எங்கள் நேரம் +5:30. பிறகு +6:30 ஆக்கினார்கள், அதே ஆண்டு அக்டோபரில் +6:00 ஆக்கினார்கள், 2006 ஏப்ரலில் மறுபடி +5:30. ஆசியா/கொழும்பு என்ற ஒரே மண்டலத்துக்குள் மூன்று ஆஃப்செட். (புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய நேரத்திலேயே இருந்தது தனிக் கதை.)

2006 ஜனவரியில் ஒருவர் மே மாதக் கூட்டமொன்றைக் காலை 9 மணிக்கு என்று பதிந்திருந்தால், கணமுத்திரையாக அது யூடிசி 03:00. ஏப்ரலுக்குப் பிறகு பார்த்தால் 8:30 என்று காட்டும். வருங்கால நிகழ்வுக்குக் கடிகார நேரத்தையும் மண்டலத்தின் பெயரையும் இரண்டு நெடுவரிசைகளில் வைப்பதுதான் சரி. ஆஃப்செட்டுக்குத் தனிச்சொல் இல்லாமல் இதைத் தமிழில் எப்படி விளக்குவது? 'நேர விலகல்' என்று வைக்கலாமா?

----

இலங்கைப் பாடநூல்களில் 'நியம விலகல்' (ஸ்டாண்டர்ட் டீவியேஷன்) இருக்கிறதே, புள்ளியியல் படித்தவர்கள் முறைக்க மாட்டார்களா? 'நேர வித்தியாசம்' என்றால் ஒரு நேரத்திலிருந்து இன்னொன்றைக் கழித்துக் கிடைப்பதாகப் படும். அந்தக் கணக்கும் இதே பக்கத்தில் வருகிறது. 'பெயர்ச்சி' என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். அதைப் போட்டால் குருவும் சனியும் உள்ளே வந்துவிடுவார்கள்.

'யூடிசி விலகல்' என்று எப்போதும் சேர்த்தே எழுதினால் என்ன? எதிலிருந்து விலகல் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, புள்ளியியலோடும் மோதாது. "கொழும்பு மண்டலத்தின் யூடிசி விலகல் 2006இல் மாறியது" என்று எழுதிப் பார்த்தேன், இடறவில்லை.

கணமுத்திரைக்கு என் ஓட்டும் உண்டு. 'கடிகார நேரம்' மட்டும் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது: சர்வரின் கடிகாரம் என்று யாராவது எடுத்துக்கொள்வார்கள். 'உள்ளூர் நேரம்' என்றால் எந்த ஊர் என்று தெரிந்ததுபோல ஆகிவிடும், அதுவும் தவறு. 'வெறும் நேரம்'? கேலியாகச் சொல்லவில்லை, மண்டலம் ஒட்டாத நேரம் அதுதானே. வேறு யோசனை இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், அதன் பிறகு பட்டியலைத் திருத்திவிடுகிறேன்.