மறு: மணற்கல்லை நிமிர்த்தி வைத்தால் என்ன பெயர்?

> ‘முகப்படுகை’ என்று வைத்துவிட்டால் வேலை முடிந்தது. ஆங்கிலத்திலும் face bedding என்றுதானே இருக்கிறது.

ஐயா, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. படுகை என்றதும் காவிரிப் படுகைதான் நினைவுக்கு வரும். நான் எழுதுவதோ சிட்னிப் படுகையில் வெட்டிய கல்லைப் பற்றி. ஒரே வரியில் நிலப்பரப்பும் படுகை, கல்லின் அடுக்கும் படுகை என்றால் படிப்பவர் திணறிப்போவார்.

புதிதாக வந்தவர்களுக்காக: நான் எழுதுவது சிட்னியின் வோக்ளூஸ் பகுதியில், துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் ஸ்ட்ரிக்லண்ட் ஹவுஸ் என்ற மாளிகையைப் பற்றி. 1850களில் ஜான் ஹில்லி வடிவமைத்த இத்தாலிய பாணி வீடு. கட்டிக்கொண்டவர் நகரின் முதல் மேயர் ஜான் ஹாஸ்கிங். முதலில் சூட்டிய பெயர் கராரா. பளிங்குக்குப் பேர்போன ஊரின் பெயரை வைத்துவிட்டு மணற்கல்லில் கட்டியிருக்கிறார்! கல்லையும் குறை சொல்ல முடியாது. வெட்டும்போது வெளிறிய சாம்பலாக இருக்கும். காற்றுப் பட்டு உள்ளிருக்கும் இரும்பு துருவேறத் தேன் நிறத்துக்கு வந்துவிடும்.

மணல் படிந்து படிந்து உண்டான கல், ஆகவே அடுக்கு உண்டு. பாறையில் கிடந்தபடியே சுவரிலும் கிடத்தினால் மேலிருக்கும் பாரமே அடுக்குகளை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அடுக்கை நட்டுக்குத்தலாக்கி அதன் அகன்ற பக்கத்தை வெளியே காட்டினால் பிடிமானம் போச்சு. மழைநீரோடு கடலுப்பும் இடுக்கில் இறங்கும். உப்பு பரல் கட்டும்போது கல் தோல் தோலாக உரியும். இந்தத் தவற்றுக்குத்தான் பெயர் தேடுகிறோம். என் பரிந்துரை: நிமிரடுக்கு.

* * *

> என் பரிந்துரை: நிமிரடுக்கு.

அக்கா, இந்தச் சொல் ஒழுங்காகச் செய்த வேலையையும் சேர்த்துக் குற்றம் சொல்லிவிடும். கூரையடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கொடுங்கையைப் பாருங்கள். அந்தக் கல்லைக் கிடத்தி வைத்தால் நீட்டிய பகுதியின் அடி அடுக்கைத் தாங்க ஒன்றும் இல்லை, பெயர்ந்து விழும். அதனால் அடுக்கை நிமிர்த்தி, ஓரம் மட்டும் வெளியே தெரிய, பக்கத்துக் கற்கள் நெருக்கிப் பிடிக்கும்படி வைப்பார்கள். அதுவும் நிமிர்ந்த அடுக்குதான்.

ஆக, மூன்று சொல் வேண்டும். ‘அடுக்கு’ என்றால் கல்மேல் கல் வைத்த வரிசை என்றும் ஆகிவிடும். ‘ஏடு’ எப்படி? பாலேட்டில் இருப்பதும் ஓலைச்சுவடியில் இருப்பதும் அதே ஏடுதான். மெல்லியது, ஒன்றன்மேல் ஒன்று, தனியே பிரியும். கிடையேடு, முகவேடு, ஓரவேடு.

* * *

ஏடு அருமை. ஆனால் ‘முகவேடு’ என் காதில் முகவேடமாக விழுகிறது. வீட்டிலும் சொல்லிப் பார்த்தேன், “எந்த நாடகம்?” என்றார்கள். திருப்பிப் போடலாம்: ஏட்டுக்கிடை, ஏட்டுமுகம், ஏட்டோரம். கல் உரிவதை ‘ஏடுரிதல்’ என்றுவிடலாம்.

மணற்கல் நமக்கும் அந்நியமில்லை. காஞ்சி கைலாசநாதர் கோயில், அடித்தளக் கருங்கல் போக, மணற்கல்தானே. அங்கே அரித்துப்போன சிற்பங்களைப் பற்றி எழுதுபவர்களுக்கும் இந்தச் சொற்கள் உதவும்.

* * *

ஏட்டுமுகம் என்பதை ஏற்கிறேன், நிமிரடுக்கைத் திரும்பப் பெறுகிறேன். எழுதிப் பார்த்தேன்: “கடலுப்புப் படும் சுவரில் ஏட்டுமுகமாக வைத்த கல் ஏடுரியும், கொடுங்கையில் ஏட்டோரமே முறை.” தடங்கல் இல்லாமல் ஓடுகிறது.

ஓர் ஐயம் மட்டும். கொடுங்கை திரும்பும் மூலைக்கல்லுக்கு வெளிமுகம் இரண்டு. ஒரு பக்கம் ஏட்டோரம் என்றால் மறுபக்கம் தானாகவே ஏட்டுமுகம் ஆகிவிடுகிறதே, அந்தக் கல்லை எந்தக் கணக்கில் எழுதுவது?

* * *

அதனால்தான் மூலைக்கு மட்டும் ஏடு எளிதில் பிரியாத நல்ல கல்லாகத் தேடி எடுத்து, ஏட்டுக்கிடையாகவே வைப்பார்கள் அக்கா.