தாலா படகு சிமுலேஷன்: ஃபேடிங் போட்டும் பாக்கெட் லாஸே வரல

ரங்கூன் மாணவன்:
எல்லாருக்கும் வணக்கம். ரங்கூன் பன்சோடான் ஜெட்டியிலேருந்து ஆத்தோட எதிர்க்கரை தாலா போற படகுல வைஃபை குடுத்தா எப்படி இருக்கும்னு என்எஸ்-3ங்கிற நெட்வொர்க் சிமுலேட்டர்ல ப்ராஜெக்ட் பண்றேன். 2.4 கிகாஹெர்ட்ஸ், கரை ஆன்டெனா 10 மீட்டர், படகுல 3 மீட்டர். ஆத்துல போனை வச்சுப் பாத்தா சிக்னல் ஏறி எறங்கி ஆடுது, ஆனா சிமுலேஷன்ல ஒரு தூரம் வரைக்கும் எல்லாம் போகுது, அப்புறம் பட்டுனு நின்னுடுது. தண்ணியில பட்டுத் திரும்புமேன்னு நேர் அலையோட கீழ பட்டுத் திரும்பற அலையையும் சேத்துக்கற டூ-ரே கிரவுண்ட் மாடல் போட்டேன், ஒண்ணும் மாறல. ஃபேடிங், அதாவது சிக்னல் ஏறி எறங்கறதைக் காட்டற நாககாமி மாடல் மட்டும் தனியா போட்டா எவ்ளோ தூரம் போனாலும் சிக்னல் கொறையவே மாட்டேங்குது. எங்க தப்பு?

தன்லின் அண்ணன்:
தம்பி, நாககாமிக்கு தூரக் கணக்கே தெரியாது, வர்ற பவரை ஆட்டி விடறது மட்டும்தான் அதோட வேலை. முன்னால தூரத்துக்கு ஏத்தபடி பவரைக் கொறைக்கற லாக் டிஸ்டன்ஸ் மாடலைப் போட்டு அதுக்குப் பின்னால இதைக் கோத்து விடு. நாககாமியோட எம் மதிப்பையும் மாத்து, அது கொறைஞ்சா ஆட்டம் கூடும், டிஃபால்ட்ல 80 மீட்டர் வரைக்கும் 1.5, அதுக்கு மேல 0.75, அது நேர்ப்பாதையே இல்லாத ரேலே ஃபேடிங்கை (எம் = 1) விட மோசம், எதிர்க்கரை நேரா கண்ணுக்குத் தெரியற ஆத்துக்கு ஒத்தே வராது. டூ-ரே ஏன் மாறலன்னா, உன் உயரத்துக்கு கிராஸ்ஓவர் தூரம், அதாவது டூ-ரே கணக்கு ஆரம்பிக்கற தூரம், 4 பை × 10 × 3 ÷ 0.125 (மீட்டர்ல அலைநீளம்), சுமார் 3 கிலோமீட்டர். அதுக்குள்ள என்எஸ்-3 திரும்பற அலை இல்லாத வெறும் ஃப்ரிஸ் கணக்குதான் போடும், உன் படகு அவ்ளோ தூரம் போறதே இல்லையே.

ரங்கூன் மாணவன்:
கோத்துட்டேன் அண்ணே, இப்ப பவர் நல்லா ஆடுது. ஆனா அப்ளிகேஷன்ல லாஸ் இன்னும் கிட்டத்தட்ட பூஜ்யம்தான்.

மோல்மேன் அக்கா:
விழுந்த பாக்கெட்டை வைஃபை திரும்பத் திரும்ப அனுப்புதே, அந்த ரீட்ரை காப்பாத்திடுது. ரேலேல சிக்னல் சராசரிய விட 10 டிபி கீழ போக வாய்ப்பு பத்துல ஒண்ணு, அப்ப பாக்கெட் விழும்னு வை. நாககாமி மாடல் ஒவ்வொரு தடவையும் புதுசா பகடை உருட்டுது, அதனால 7 தடவை அனுப்பி ஏழும் விழறது கோடியில ஒண்ணு! நிஜத்துல அப்படி இல்லப்பா. படகு மணிக்கு 15 கிலோமீட்டர்னு வை, நகர்றதால வர்ற அலைவரிசை மாற்றம், டாப்ளர், 33 ஹெர்ட்ஸ் வரும், அப்ப சேனல் சுமார் 12 மில்லிசெகண்ட் மாறாம நிக்கும், பள்ளத்துல விழுந்த நேரத்துல ஏழு தடவை அனுப்பறதும் அதுக்குள்ளயே முடிஞ்சு மொத்தமா போயிடும். பகடை உருட்டாம நேரத்தோட தொடர்ச்சியா மாறற ஜேக்ஸ் மாடல் போட்டுப் பாரு, டாப்ளர் டிஃபால்ட் 80, அதை 33 ஆக்கு. ஆனா அது ரேலே வகை, நேர்ப்பாதை இல்லாத கணக்கு, அதனால வர்ற நம்பரை மோசமான பக்கத்து எல்லைன்னு எழுது, இதுதான் ஆத்தோட நிலைன்னு எழுதிடாத.

தன்லின் அண்ணன்:
அக்கா சொன்னது ரொம்ப முக்கியம். இன்னொண்ணு தம்பி, நம்ம ஆறு கடல் ஏத்தத்தோட ஏறி எறங்குது, படகு கூடவே ஏறிடும், கரை ஆன்டெனா ஏறாது. நீ சொன்ன 10 மீட்டர் தண்ணி மட்டத்துலேருந்தா, தரையிலேருந்தா?