மணலில் நுண்ணுயிர் ஓரிடத்தில் மட்டும் குடியிருக்குமா?

கொல்லைப்புறம்:
வணக்கம். பினாங்கின் தஞ்சோங் பூங்கா என்ற ஊரில் எங்கள் கொல்லை முழுக்கக் கடல் மணல். பழைய சவுக்கு மரத்துக்கு அருகே நட்ட பயத்தங்காய் பந்தலைத் தாண்டிப் படர்ந்துவிட்டது. நான்கடி தள்ளி, அதே நாளில் போட்ட அதே விதை, முழங்கால் உயரத்தில் மஞ்சளித்து நிற்கிறது. தண்ணீரும் ஒரே அளவுதான். இரண்டு இடத்து மணலையும் அள்ளி முகர்ந்தேன். மரத்தடியில் மழைக்கால மண்வாசம், மற்றதில் வாசமே இல்லை. நுண்ணுயிர்தான் காரணமா? எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இராதா?

மண்வெட்டி:
உங்கள் மூக்கு சரியாகவே சொல்லியிருக்கிறது, சகோதரி. அந்த வாசம் ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருளுடையது. அதை உண்டாக்குவது ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற பாக்டீரியா. மணலில் நுண்ணுயிர் திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். களிமண்ணைப் போல நீரையும் மக்கையும் பிடித்துவைக்க மணலால் முடியாது. காய்ந்ததும் துகள்களுக்கு இடையிலுள்ள நீர்ப்படலம் அறுந்துபோகும், பாக்டீரியா பக்கத்துத் துகளுக்குக்கூட நகராது. துகளின் பள்ளத்திலும் விரிசலிலும் ஒண்டிக்கொள்ளும். வேர் சர்க்கரையைக் கசியவிடும் இடமும் சருகு மக்கும் இடமும்தான் அவற்றுக்குச் சோறு. திரெங்கானு கடற்கரையில் பிரிஸ் எனப்படும் மணற்பாங்கான மண்ணில் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். சில புற்களைப் பிடுங்கினால் வேரைச் சுற்றி மணல் உறைபோல ஒட்டிக்கொண்டு வரும், ஒரு சாண் தள்ளித் தோண்டினால் பொலபொலவென்று உதிரும் வெறும் மணல். அந்த உறையை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுத்ததில்லை.

பாயான் லெப்பாஸ் தம்பி:
சவுக்கு வேர்முடிச்சிலுள்ள ஃபிராங்கியா என்ற பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தரும் என்று படித்தேன். அக்காவின் பயற்றுக்கும் அதுவே உதவியிருக்குமோ?

மண்வெட்டி:
நேராக இல்லை, தம்பி. ஃபிராங்கியா பயற்று வேரில் முடிச்சுப் போடாது. அதற்கு பிராடிரைசோபியம் என்ற வேறொரு பாக்டீரியா வேண்டும். சவுக்கின் கொடை அதன் சருகும் நிழலும். சகோதரி, இரண்டு இடத்திலும் ஒவ்வொரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே சிவந்திருந்தால் நைட்ரஜன் வேலை நடக்கிறது.

கொல்லைப்புறம்:
ஐயா, இன்று காலை பார்த்தேன். மரத்தடிச் செடியில் 23 முடிச்சுகள், கிள்ளியதும் ரத்தச் சிவப்பு. மற்றதில் இரண்டே இரண்டு, உள்ளே வெளிறியிருக்கிறது. மரத்தடிப் பாத்தியிலிருந்து ஒரு வாளி மண் எடுத்து அங்கே கலந்து, சவுக்குச் சருகால் மூடிவிட்டேன். வெயில் ஏறுவதற்குள் தண்ணீரும் ஊற்றியாயிற்று. புது விதை நாளை போடுகிறேன்.