கோபோல்ல இருந்து ஜாவாவுக்கு மாத்துன வரி சிஸ்டம், பேரலல் ரன்ல கணக்கு ஒத்துப்போக மாட்டேங்குது, உதவி ப்ளீஸ்

ராத்திரிபேட்ச்:
வணக்கம் மக்களே. அமெரிக்காவுல ஒரு மாநில வரித்துறையோட (பேர் வேணாம்) பழைய மெயின்பிரேம (பெரிய ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஓடுற சிஸ்டம்) ஜாவாவுக்கு மாத்துற ப்ராஜெக்ட்ல இருக்கேன். எல்லாம் கோபோல் (பழைய ப்ரோக்ராமிங் மொழி), எழுதினவங்க யாரும் இப்ப வேலைல இல்ல. அதே மாஸ்டர் ஃபைல் (எல்லா அக்கவுண்ட் விவரமும் இருக்கிறது), அதே டிரான்சாக்‌ஷன், ரெண்டு பக்கமும் ஓட்டி காலைல அவுட்புட்ட கம்பேர் பண்றோம். ரெண்டு பிரச்சனை. வட்டி கணக்குல நிறைய அக்கவுண்ட்ல ஒரு சென்ட் இடிக்குது, எப்பவும் புதுசுலதான் கூட. இன்னொண்ணு அதவிட மோசம், சில பிசினஸ் அக்கவுண்டுக்கு கட்டின பணம் போஸ்ட் ஆகாம "மாஸ்டர் இல்ல"ன்னு எரர் ஃபைல்ல விழுது, ஆனா மாஸ்டர தேடினா அந்த அக்கவுண்ட் அங்கயேதான் இருக்கு. லாஜிக்க வரிக்கு வரி பாத்தாச்சு, மாறல. ஒரு சென்ட்தானே, டாலரன்ஸ் (இவ்வளவு வித்தியாசம் பரவாயில்லன்னு ஒரு வரம்பு) போட்டு மூடுன்னு மேனேஜர் சொல்றார், எனக்கு மனசு ஒப்பல.

ஜாவாக்காரி:
பணத்துக்கு டபுள் (தசமத்த தோராயமா வைக்கிற நம்பர் டைப்) யூஸ் பண்ணிருக்கீங்களா? அப்படின்னா முதல்ல பிக்டெசிமலுக்கு (தசமத்த அச்சா வைக்கிறது) மாத்துங்க ப்ரோ, மத்தது அப்புறம்.

ராத்திரிபேட்ச்:
பிக்டெசிமல்தாங்க. கடைசில ஹாஃப் அப் ரவுண்டிங் (பாதியோ அதுக்கு மேலயோ இருந்தா மேல ஏத்துறது), ரெண்டு தசமம்.

ஜேசிஎல்_மாமா:
அங்கதான் இருக்கு தம்பி விஷயம். கோபோல்ல கம்ப்யூட் ஸ்டேட்மெண்ட்ல ரவுண்டட்னு எழுதலேன்னா அது ரவுண்ட் பண்ணாது, மிச்சத்த வெட்டித் தள்ளிடும். நடுவுல வர்ற ஃபீல்டுலயும் அதே கதைதான். 1500 டாலர் பாக்கி, 7 சதவீதம், 45 நாள்னு வச்சுக்கோங்க. ஒரு நாள் ரேட் 0.07ஐ 365ஆல வகுத்தது, அத எட்டு தசமம் உள்ள ஃபீல்டுல போட்டா 0.00019178, அதுக்கு மேல போயே போச்சு. பெருக்கினா 12.94515, மறுபடி வெட்டி 12.94. உங்க ஜாவா முழு ரேட்டையும் கைல வச்சு கடைசில ரவுண்ட் பண்ணுது, அது 12.95. அந்த ஒரு சென்ட் இதுதான். காப்பிபுக்க (ஃபீல்டு அளவெல்லாம் எழுதியிருக்கிற கோபோல் ஃபைல்) தொறந்து ஒவ்வொரு ஃபீல்டுக்கும் எத்தன தசமம்னு பாத்து, ஒவ்வொரு ஸ்டெப்லயும் அதே ஸ்கேல் வச்சு ரவுண்டிங் மோட் டவுன் (மிச்சத்த வெட்டுறது) போடுங்க. டாலரன்ஸ் மட்டும் போடாதீங்க, வேற ஏதாவது நிஜ பக் வந்தாலும் அதுக்கு அடியில ஒளிஞ்சுக்கும்.

ஜாவாக்காரி:
மாமா அப்ப பழசுதானே தப்பு? தப்ப ஏன் புதுசுலயும் காப்பி அடிக்கணும்?

ஜேசிஎல்_மாமா:
தப்பா சரியான்னு முடிவு பண்றது நாம இல்லம்மா. இத்தன வருஷம் அந்த நம்பர்லதான் நோட்டீஸ் போயிருக்கு, ஜனங்க பணம் கட்டியிருக்காங்க. மொத பழசோட அச்சா ஒத்துப்போகட்டும். அப்புறம் துறைல கையெழுத்து வாங்கிட்டு, இந்த தேதில இருந்து இப்படின்னு மாத்துங்க. ரெண்டையும் ஒண்ணா செஞ்சா வித்தியாசம் வந்தா எதால வந்துச்சுன்னே தெரியாது.

டல்லஸ்_வாத்தி:
ரெண்டாவது பிரச்சனைக்கு என் கெஸ், அக்கவுண்ட் நம்பர்ல எழுத்தும் இலக்கமும் கலந்து வருதா? மெயின்பிரேமோட எழுத்துக் குறியீடு எப்சிடிக், அதுல எழுத்து முதல்ல, இலக்கம் பின்னால. லினக்ஸ் பக்கம் இருக்கிற ஆஸ்கி குறியீட்டுல தலைகீழ். மாஸ்டர் ஃபைல பழைய வரிசைல எடுத்துட்டு வந்து, டிரான்சாக்‌ஷன லினக்ஸ்ல சார்ட் பண்ணீங்கன்னா (வரிசைப்படுத்தினா), ரெண்டு ஃபைலையும் கூடவே படிச்சு மேட்ச் பண்ற அந்த பழைய லாஜிக் ஒரு இடத்துல கீய, அதாவது அக்கவுண்ட் நம்பர, தாண்டிப் போயிடும், திரும்பிப் பாக்காது. அக்கவுண்ட் இருந்தும் இல்லன்னு சொல்லும்.

ராத்திரிபேட்ச்:
ஆமா சார் கலந்துதான் வரும்!! விழுந்ததெல்லாம் எழுத்துல ஆரம்பிக்கிற நம்பர்தான், இப்பதான் எடுத்துப் பாத்தேன்.

இட்லி_கம்பைலர்:
இதுக்குதான் சொல்றது, பழச தூக்கிப் போட்டுட்டு புதுசா எழுதுங்கப்பா. வரிக்கு வரி மாத்தினா ஜாவா வேஷம் போட்ட கோபோல்தான் கிடைக்கும்.

டல்லஸ்_வாத்தி:
சொல்றது ஈஸி. ஐஆர்எஸ் (அமெரிக்க மத்திய வரித்துறை) கதைய பாருங்க. தனிநபர் மாஸ்டர் ஃபைல் 1960கள்ல வந்தது, அசெம்ப்ளி மொழியும் கோபோலும். 90கள்ல மொத்தமா மாத்தறோம்னு கிளம்பி கிட்டத்தட்ட 400 கோடி டாலர் போட்டும் தேறல. அப்புறம் அந்த மாஸ்டர் ஃபைலுக்கு பதிலா கேட் (CADE)னு ஒரு சிஸ்டம், 2004ல ரொம்ப சிம்பிளான ரிட்டர்ன்ல ஆரம்பிச்சாங்க, கஷ்டமான அக்கவுண்ட் பக்கம் போகப் போக இழுத்துச்சு, பாதிலயே விட்டுட்டு கேட் 2ன்னு திட்டத்தையே மாத்தினாங்க. அதுல உருப்படியா நடந்தது 2012ல வாரத்துக்கு ஒரு தடவ ஓடினத தினமும் ஓட வச்சது, அதுவும் பழைய மாஸ்டர் ஃபைல கூடவே வச்சுக்கிட்டு. 2018ல ஏப்ரல் 17, கடைசி தேதி அன்னைக்கே சிஸ்டம் படுத்து, ஒரு நாள் டைம் கூட குடுத்தாங்க. அது ஹார்டுவேர் கோளாறு, பாவம் கோபோல திட்டாதீங்க. வரி சட்டம் வருஷா வருஷம் மாறும், சீசன் வந்தா நிறுத்த முடியாது, இதுக்கு நடுவுல மொத்தமா புதுசா எழுதறதுன்னா யாருக்கும் கை நடுங்கும்.

இட்லி_கம்பைலர்:
சரி சரி, ஆனா அந்த மேட்ச் லாஜிக்கயாவது தூக்குங்க. டேட்டாபேஸ் இருக்கும்போது கீ போட்டு எடுத்தா முடிஞ்சது, சார்ட் எதுக்கு?

ஜேசிஎல்_மாமா:
இத ஒத்துக்கறேன். ஆனா ரிப்போர்ட், நோட்டீஸ் பிரிண்ட் வரிசை எல்லாம் அந்த சார்ட்ட நம்பி இருக்கலாம், அதையும் தேடுங்க. ஃபைல் டிரான்ஸ்ஃபர் பைனரிலதானே? டெக்ஸ்ட்னு அனுப்பினா எல்லா பைட்டையும் எப்சிடிக்ல இருந்து ஆஸ்கிக்கு மாத்திடும், பேக்டு டெசிமல் (ஒரு பைட்டுல ரெண்டு இலக்கம் அடைச்சு வைக்கிற) ஃபீல்டு நாறிடும். எப்சிடிக் ஸ்பேஸ் ஹெக்ஸ்ல 40, ஆஸ்கில 20, அதனால தொகைல இருக்கிற 40 சத்தமில்லாம 20 ஆகும்.

ராத்திரிபேட்ச்:
பைனரிதான் மாமா. அப்டேட்: ரெண்டு ஃபைலையும் ஒரே வரிசைல சார்ட் பண்ணி ஓட்டினோம், போஸ்ட் ஆகாத கேஸ் எல்லாம் போயிடுச்சு. வட்டில டவுன் போட்டதும் அநேகமா எல்லாம் ஒத்துப்போச்சு, கொஞ்சம் மட்டும் இன்னும் இடிக்குது, எல்லாமே 2024 கணக்கு.

ஜேசிஎல்_மாமா:
2024 லீப் வருஷம். பழைய கோடு 366ஆல வகுக்குதா, இல்ல 365தானா, ரேட் டேபிள எங்க ஏத்துறாங்கன்னு பாருங்க. டிசம்பர் 31 தாண்டிப் போற அக்கவுண்டா எடுத்து முதல்ல ஓட்டுங்க.