டாரட் பார்க்கும்போது எந்த ராசியை எடுத்துக்கொள்வது?

வணக்கம் எல்லாருக்கும், பினாங்கிலிருந்து எழுதுகிறேன். ஒரு வருஷமாக டாரட், அதாவது படம் போட்ட அட்டைகளை வைத்துப் பலன் பார்ப்பது, படிக்கிறேன், கையில் இருப்பது 1909இல் வெளிவந்த ரைடர் வெய்ட் அட்டைகள், பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த படங்கள். அதில் எம்பரர் (பேரரசர்) என்ற அட்டையில் அவர் உட்கார்ந்திருக்கும் சிம்மாசனத்தில் ஆட்டுத் தலைகள் செதுக்கியிருக்கும், அது மேஷத்துக்கான அட்டை, அதுவரை சரி.

நான் பிறந்தது ஏப்ரல் 5. மேற்கத்திய கணக்கில் சூரியன் மேஷத்தில், அப்படியானால் எனக்கு எம்பரர். ஆனால் பாட்டி எழுதிவைக்கச் சொன்ன ஜாதகத்தில் பங்குனி மாதம், சூரியன் மீனத்தில், அதற்கு உரிய அட்டை மூன் (சந்திரன்). இரண்டு கணக்குக்கும் நடுவே சுமார் 24 பாகை அயனாம்சம், அதாவது ராசிச் சக்கரம் தொடங்கும் இடத்தின் வித்தியாசம், இருக்கிறது என்பது புரிகிறது, எதை வைத்துப் படிப்பது என்பதுதான் புரியவில்லை. அதைவிட, நாம் லக்னத்தையும் சந்திரன் நிற்கும் ராசியையும்தானே முதலில் பார்ப்போம்?

இன்னொன்று. வாண்ட்ஸ் (கோல்கள்) என்ற அட்டை வரிசையில் 2, 3, 4 மூன்றும் மேஷத்தின் பத்துப் பத்துப் பாகைகள், அப்படியே ராசியை மூன்றாகப் பிரிக்கும் நம் திரேக்காணம் மாதிரி, பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த மூன்று பாகத்துக்கும் அதிபதிகள் மேற்கத்திய டாரட்டில் செவ்வாய், சூரியன், சுக்கிரன். நம் ஜோதிடத்தில் செவ்வாய், சூரியன், அப்புறம் குரு. வாண்ட்ஸ் 4இல் பூமாலைத் தோரணமும் கொண்டாட்டமும் இருப்பதால் சுக்கிரன் பொருந்துகிறது, குருவை அங்கே வைத்தால் படத்தின் அர்த்தமே மாறிவிடாதா?

ஜோதிடமும் டாரட்டும் சேர்த்துப் பார்க்கிற அண்ணன்மார், அக்காமார் யாராவது இருந்தால், நீங்கள் எந்தக் கணக்கை வைத்துக்கொள்கிறீர்கள், ஏன் என்று கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்கள். ஜார்ஜ்டவுன் பக்கம் என்றால் நேரில் வந்தும் கேட்டுக்கொள்கிறேன்.