1 லீற்றர் எண்ணெய், 0.1 போத்தல்: ஒன்பதா, பத்தா?

கோண்டாவிலான்:
சுன்னாகத்தில் மாமாவின் நல்லெண்ணெய்க் கடைக்குப் பைதன் என்ற கணினி மொழியில் ஒரு சின்னக் கணக்கு எழுதினேன். 1.0 லீற்றரை 0.1 லீற்றர்ப் போத்தல்களில் விட்டால் எத்தனை நிரம்பும்? முழுத் தடவைகளை மட்டும் எண்ணும் // குறியால் 1.0 // 0.1 போட்டேன், 9.0 என்றது. மீதியைத் தரும் % குறியால் 1.0 % 0.1 போட்டால் 0.09999999999999995. மாமாவோ பத்துப் போத்தலை நிரப்பி மூடிவிட்டார்! % குறியை நம்பக்கூடாது. பைதனின் கணித நூலகத்தில் (math) மீதி காணும் இன்னொரு கட்டளையான எஃப்மொட்தான் (fmod) சரி. தசம எண்களுக்கு அதுவே பொதுவாக உகந்தது என்று பைதன் ஆவணமும் சொல்கிறது.

வடமராட்சி அக்கா:
தம்பி, எஃப்மொட்டில் போட்டுப் பார்த்தீரா? அதே எண்தான் வரும். 0.1 கணினியின் இரும எண்ணில் (0, 1 மட்டும் கொண்டு எழுதுவது) முழுதாக அடங்காது. கணினி வைத்திருப்பது 0.1000000000000000055 சொச்சம். அப்படிப் பத்துத் தரம் அள்ள 1.0 காணாது. மில்லிலீற்றரில் 1000 % 100 என்று முழு எண்ணாக வையும். விலையையும் சதத்தில் வையும்.

கோண்டாவிலான்:
சரி அக்கா, அதே எண்தான். ஆனால் மறை எண்ணுக்கு வாருங்கள். 10இன் -100ஆம் அடுக்குக்கு முன்னால் மைனஸ் போட்டு (-1e-100), அதை 10இன் 100ஆம் அடுக்கால் (1e100) வகுத்தால், % வகுத்தியையே மீதியாகத் தருகிறது. வகுத்தியளவு மீதி வரலாமா? எஃப்மொட் முதல் எண்ணின் குறியை விடாமல் அந்தச் சின்ன எண்ணையே தருகிறது, துளியும் பிசகாமல்.

வடமராட்சி அக்கா:
அது உண்மைதான். ஆனால் திசைக் கணக்கில் எனக்கு % தான் வேண்டும். -30 % 360 போட்டால் 330. எஃப்மொட் -30 தரும். திசைகாட்டியில் அப்படி ஓர் எண் இல்லை.

குருநகரான்:
இரண்டு பேரும் ரிமைண்டர் (remainder) கட்டளையை விட்டுவிட்டீர்கள். 2018இல் பைதன் 3.7உடன் கணித நூலகத்துக்கு வந்தது. வகுத்தியின் மிகக் கிட்டிய மடங்கிலிருந்து எவ்வளவு தள்ளி என்று சொல்லும். படகு 10 பாகையில் போகிறது, 350க்குத் திருப்ப வேண்டும். வித்தியாசம் 340. அதை 360ஆல் வகுத்தால் %உம் எஃப்மொட்டும் அந்த 340ஐயே திருப்பித் தரும். ரிமைண்டர் -20 தரும்: இடப்பக்கம் 20 பாகை. சுக்கான் பிடிப்பவருக்கு வேண்டியது அதுதான்.

கோண்டாவிலான்:
அப்படியென்றால் போத்தலுக்கும் அதுவே சரி அண்ணை! 1.0க்கும் 0.1க்கும் கிட்டத்தட்டச் சுழிதான் வருகிறது.

வடமராட்சி அக்கா:
பொறும் தம்பி. 0.97 லீற்றர் இருந்தால் ரிமைண்டர் -0.03 அளவில் காட்டும். பத்தாவது போத்தல் நிரம்பாதே! விற்பனைக்கு அது ஆகாது.

கோண்டாவிலான்:
மில்லிலீற்றருக்கு மாற்றிவிட்டேன்: பத்துப் போத்தல், மீதி 0. எஃப்மொட்டை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன் அக்கா. உங்கள் 330ஐ அதனாலேயே எடுக்கலாம்; மறையாக வந்தால் 360ஐக் கூட்டினால் போதும்.